முழுப்பக்க வாழ்த்து

வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ, கனடா
02.02.2025

என் செல்லத் தம்பி கீதனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அத்தானும் நல்ல சுகம். தனுஷிகா பிக்கரிங்கிலிருந்து டவுன்ரவுனுக்கு ரயிலில் ஓடித் திரிகிறாள், பெற்ற தாய்க்குப் போன் எடுக்க நேரமில்லை. உனக்கும் நேரமில்லைதான். நேற்று எடுத்தேன். "ஓம் அக்கா, ஓம் அக்கா, பிறகு எடுக்கிறன் அக்கா" என்று வைத்துவிட்டாய். போனில் உன்னிடம் ஒரு சொல் பிடுங்க முடியாது. பேனாவைப் பிடித்தால்தான் உன் வாய் திறக்கும், சின்னனிலிருந்தே அப்படித்தான். ஆகவே எழுது. எழுதிப் படம் எடுத்து வாட்சப்பில் அனுப்பு.

இங்கே பனி முழங்கால் மட்டும் கிடக்கிறது. வெள்ளிக்கிழமை நான் ஓட்டுகிற ஸ்கூல் பஸ் ஏற்றத்தில் ஏறமாட்டேன் என்று நின்றுவிட்டது. பின்னாலே பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நான் தமிழிலும் இங்கிலீசிலும் பஸ்ஸைத் திட்டியதை இப்போது பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக் காட்டுகிறார்களாம்.

சரி, விசயத்துக்கு வாறேன். பேனாட்டைத் தெரியும்தானே? வீடு விற்கிறவர், பஸ் நிற்கிற இடமெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு படத்தில் இருப்பவர். அவர் நடத்துகிற கால்பந்துக் கிளப், ஸ்காபரோ ஈஸ்ரன் யுனைற்றட், இந்த வருடம் மேல் லீக்குக்குப் போகிறது. அணியைப் பழக்கி நடத்த மனேஜர் ஒருவர் வேண்டும். கேக் பெட்டியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். "அக்கா, உங்கடை தம்பியை விட்டால் எங்களுக்கு ஆர் இருக்கினம்? ஸ்கொட்லாந்திலை அவ்வளவு காலம் கோல் அடிச்ச மனுசன், இப்ப அங்கையே மனேஜர். எங்கடை ஆக்களுக்கு இதைவிடப் பெருமை என்ன?" என்றார். எனக்கு நெஞ்சு நிரம்பிவிட்டது. "அவன் வருவான்" என்று சொல்லிவிட்டேன்.

கோபிக்காதே. அம்மா கண்ணை மூடியபோது உனக்கு எட்டு வயது. நான்தான் உனக்குச் சோறு தீத்தினேன், நான்தான் உன் கிழிந்த சப்பாத்தைத் தைத்தேன். மாமா உன்னைக் கிளாஸ்கோவுக்குக் கூட்டிக்கொண்டு போனார், பிறகு நான் கலியாணம் கட்டி இங்கே வந்தேன். அன்றிலிருந்து எனக்கு இருக்கிற ஒரே ஆசை, நீயும் நானும் ஒரே ஊரில் இருக்கவேண்டும் என்பது. அயிலீனும் நீயும் பிரிந்த பிறகு அந்தக் குளிருக்குள் தனியே ரின்மீனைத் திறந்து வைத்துச் சாப்பிடுகிறாய் என்று நினைக்கவே எனக்குச் சோறு இறங்குவதில்லை. கீழ்த்தளப் பேஸ்மென்றுக்குப் புதிதாக நிறம் அடித்து, உனக்கென்று கட்டிலும் போட்டாயிற்று. அத்தானிடம் கேட்டுப் பார், சுவருக்கு எத்தனை தரம் நிறம் மாற்ற வைத்தேன் என்று.

உடனே பதில் எழுது.

உன் வருகைக்கு வாசலைப் பார்த்திருக்கும்
வதனாக்கா


இன்வர்டூன், ஸ்கொட்லாந்து
16.02.2025

அன்பு நிறைந்த அக்காவுக்கு,

நீ "வருவான்" என்று சொன்னால் நான் ஏற்கெனவே பிளேனில் ஏறிவிட்டேன் என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா? ரின்மீன் எனக்குப் பிடிக்கும். அதையும் பேனாட்டிடம் சொல்லிவிடு.

இங்கே நிலைமை சரியில்லை. எங்கள் பிரிவில் பத்துக் கிளப், நாங்கள் ஒன்பதாவது. கடைசி இடத்துக்குப் போனால் கீழ்ப் பிரிவுக்கு இறங்கவேண்டியதுதான். மேலே ஏறி வந்ததே போன வருடம். ஸ்ட்றைக்கருக்கு முழங்கால் வீங்கிப் போச்சு, கோல்கீப்பர் பகலில் மின்சார வேலை செய்கிறவன், பயிற்சிக்கு வரும்போது நின்றபடியே நித்திரை கொள்கிறான். நேற்று மைதானம் உறைந்து மச் நடக்கவில்லை. அதற்கும் ஊரில் சிலர் என்னைத்தான் பேசினார்கள்.

ஆனாலும் அக்கா, இந்தக் கிளப்பைப் பற்றி நீ முழுதாக அறிந்ததில்லை. பதினேழு வயதில் கிளாஸ்கோக் கிளப் ஒன்றில் என்னை உயரம் காணாது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறகு எடுத்தது இந்த ஊர் ஒன்றுதான். பகலில் மீன் பெட்டி அடுக்கினேன், பின்னேரம் பந்து உதைத்தேன். முதல் வருடம் மூன்று கோல்தான் அடித்தேன், அப்போதும் என்னை வைத்திருந்தார்கள். கப் மச்சில் பெரிய கிளப்புக்கு எதிராக அடித்த அந்த ஒரு கோலைத்தான் நீ எல்லோருக்கும் காட்டுகிறாய். அதற்கு முன்பு நான் தவறவிட்டவற்றை இந்தச் சனம் மழையில் நின்று பார்த்தது. கணுக்கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கிளப் தலைவர் றொனால்ட் வந்து கட்டில் ஓரத்தில் இருந்தார். "உன்னாலை ஓட ஏலாது எண்டால் மற்றவையை ஓடப் பண்ணு" என்றார். அப்படித்தான் பயிற்றுநர் ஆனேன், இப்போது மனேஜர்.

எனக்கும் உன் பக்கத்தில் இருக்க ஆசைதான். நாற்பத்தைந்து வயது வரப் போகிறது, உன் கையால் ஒரு குழம்பு சாப்பிட விமானம் ஏறவேண்டி இருக்கிறது. பேனாட்டின் கிளப்பைப் பற்றி நான் யோசிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் மே மூன்றாம் திகதி சீசன் முடியும் வரைக்கும் ஒருவரிடமும் மூச்சு விடாதே. மனேஜர் போகப் போகிறான் என்று கேள்விப்பட்டால் பெடியள் மனம் விட்டுவிடுவார்கள். இது ஒன்றுதான் நான் உன்னிடம் கேட்பது.

அத்தானுக்கும் தனுஷிகாவுக்கும் அன்பு.

என்றும் உன் தம்பி
கீதன்


வெக்ஸ்போர்ட்
09.03.2025

என் ராசா,

உன் கடிதத்தை அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். "யோசிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை" என்ற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். "உதுக்கு வாறன் எண்டு அர்த்தமில்லையப்பா" என்றார் அந்த மனுசன். அவருக்கு என்ன தெரியும்!

வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டேன். பேனாட்டுக்கும் கண்டிப்பாகச் சொன்னேன், மே மாதம் வரைக்கும் ஒரு கதையும் கூடாது என்று. பஸ் நிறுத்துகிற இடத்தில் மற்ற டிறைவர்களுக்கு உன் கப் மச் கோலைக் காட்டினேன், அது பழைய விசயம்தானே, அதில் ஒரு ரகசியமும் இல்லை. ஜமேக்காக்காரன் ஒருத்தன் போனைப் பறித்து இரண்டு தரம் பார்த்தான். "உது உன்ரை சகோதரனோ?" என்று கேட்டான். "நான் வளர்த்த பிள்ளை" என்றேன். அன்று முழுக்க எனக்குக் கால் நிலத்தில் படவில்லையடா.

பனி கரையத் தொடங்கிவிட்டது, றோட்டெல்லாம் சேறு. ஏப்ரல் ஆறாம் திகதி உன் பிறந்தநாள். இந்த முறை சும்மா விடமாட்டேன். மரக்கறிக் கடைக்காரரின் மகன் டிறைவிங் லைசென்ஸ் எடுத்ததற்கே தமிழ்ப் பேப்பரில் அரைப் பக்கம் வாழ்த்துப் போட்டார்கள். அவன் அதற்கு முன் மூன்று தரம் தவறவிட்டவன். என் தம்பிக்கு ஒரு முழுப் பக்கம் போடக்கூடாதா? வெறும் பிறந்தநாள் வாழ்த்துத்தான், நீ பயப்படாதே. சிவப்பு உடுப்போடு நீ கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம் இருக்கிறதே, அதைத்தான் கொடுக்கப் போகிறேன்.

நல்லாய்ச் சாப்பிடு. பெடியளை அதிகம் பேசாதே, நீ பேசினால் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும்.

உன்னை நினைத்து நிமிர்ந்து நடக்கும்
அக்கா


இன்வர்டூன்
13.04.2025

அக்கா,

நேற்று எங்கள் மைதானத்திலேயே மூன்று கோலால் தோற்றோம். இப்போது கடைசி இடம். இன்னும் மூன்று மச்தான் இருக்கிறது.

உன் முழுப்பக்க வாழ்த்து இங்கே வந்து சேர்ந்துவிட்டது. சுற்றிவர ரோசாப்பூ, நடுவில் என் படம், மேலே பெரிய எழுத்தில் "ஸ்காபரோ ஈஸ்ரன் யுனைற்றட் அணியின் தலைமைப் பயிற்றுநராக ரொறன்ரோ மண்ணுக்கு வருகை தரும் எங்கள் சிங்கம்". கீழே நீ, அத்தான், தனுஷிகா, பேனாட், பேனாட்டின் வீடு விற்கிற கந்தோரின் போன் நம்பர். கிளாஸ்கோவில் யாரோ ஒரு தமிழ்ப் பெடியன் பெருமையாக அதை இன்ரநெற்றில் போட்டிருக்கிறான். எங்கள் ரசிகர் ஒருவர் அதற்கு மேல் போனைப் பிடித்து இங்கிலீசில் மாற்றிப் படித்திருக்கிறார். புதன்கிழமை காலை பாண் வாங்கப் பேக்கரிக்குப் போனேன். வழக்கமாக என்னோடு பகிடி விடுகிற கடைக்காரி பாணைக் கையில் தந்துவிட்டு மற்றப் பக்கம் பார்த்தாள்.

நேற்று நான் மைதானத்துக்குள் இறங்கியதும், எந்தப் பக்கம் இருந்து என் பெயரைப் பாடுவார்களோ, அந்தப் பக்கம் முழுக்க எழும்பி முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றது. எனக்குக் கூவினால் தாங்குவேன். அது கூவவில்லை, சும்மா நின்றது. இடைவேளையில் எங்கள் கப்டன், கலம் என்கிற பெடியன், எல்லோருக்கும் முன்னால் கேட்டான்: "நீங்கள் போறதெண்டால் நாங்கள் ஆருக்காக ஓடுறது?" "போகவில்லை" என்று சொன்னால் உன்னைப் பொய்க்காரி ஆக்கவேண்டும், "போகிறேன்" என்றால் அது பொய்.

றொனால்ட் ஏசவில்லை. மச் முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து, "எங்களிலை உனக்கு ஏதும் குறையோ?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு எழுபத்தெட்டு வயது அக்கா. அதைக் கேட்க அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தாரோ தெரியாது.

நான் உன்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை. வாயைத் திறக்காதே என்று மட்டுமே கேட்டேன். சீசன் முடியும் வரை எனக்கு எழுதாதே, போனும் எடுக்காதே.

கீதன்


வெக்ஸ்போர்ட்
19.04.2025

தம்பி,

எழுதாதே என்றாய். நான் உன் அக்கா, எழுதுவேன். விருப்பமில்லாவிட்டால் வாசிக்காமல் விடு.

உன் கடிதத்தை வாசித்ததும் முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, மறைக்கமாட்டேன். நான் என்ன, களவா எடுத்தேன்? என் தம்பியை நினைத்துப் பெருமைப்பட்டேன். இந்த ஊரில் ஒவ்வொருத்தரும் பிள்ளை டொக்டர், மருமகன் எஞ்சினியர் என்று பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள். அங்கே நீ கோல் அடித்த காலத்தில் இங்கே நான் தொழிற்சாலையில் நின்று சட்டைக்குப் பொத்தான் தைத்தேன், உன் பெயரைச் சொல்லி ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை. அந்த ஆசைதான் கண்ணை மறைத்தது. பேனாட் பக்கத்தில் இருந்து, "சும்மா பிறந்தநாள் எண்டு போட்டால் ஆர் அக்கா பாப்பினம்? வாற விசயத்தையும் சேத்துப் போடுவம், எப்பிடியும் மே மாதம் சொல்லத்தானே போறம்" என்றார். ரோசாப்பூவும் படமுமாகப் பார்க்க வடிவாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டேன். தமிழ்ப் பேப்பர், மரக்கறிக் கடை வாசலில் சும்மா அடுக்கி வைத்திருப்பது, தமிழ்ச் சனத்தைத் தாண்டிப் போகாது என்று நினைத்தேன். நான் ஒரு விசரி.

பிறகு அந்த முதுகு திருப்பிய இடத்தை வாசித்தேன். அதோடு என் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது. எட்டு வயதில் உன்னைப் பெடியள் விளையாட்டில் சேர்க்காமல் விட்டால் நீ வந்து மடியில் முகத்தைப் புதைப்பாய். அவர்களோடு போய்ச் சண்டை பிடிப்பேன். இந்த முறை அதைச் செய்தது நானே. இனி யாரோடு சண்டைக்குப் போவது?

போனேன், பேனாட்டோடுதான். கந்தோருக்கே போய், "என்ரை தம்பி வரமாட்டான், உங்கடை சபைக்குச் சொல்லுங்கோ" என்றேன். "அக்கா, ஸ்பொன்சர்காரர் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன், எங்கடை மானம் போகுது" என்று தலையில் கை வைத்தார். "மானம் போறதெண்டால் என்ரை மானம் முதல் போகட்டும்" என்று சொல்லிவிட்டு நேரே பேப்பர்க்காரரிடம் போனேன். எனக்கு இன்னொரு முழுப் பக்கம் வேண்டும் என்றேன். என்ன விழா என்று கேட்டார். மறுப்பு என்றேன். "உப்பிடி ஒரு பக்கம் நாங்கள் இவ்வளவு காலத்திலை போட்டதில்லை அக்கா" என்றார். போடுங்கள் என்றேன்.

நேற்று வந்துவிட்டது. ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு வாழ்த்துக்கும் நடுவில். நான் சொன்னபடியே, ஒரு பூவும் போடாமல்:

"அன்பான தமிழ் மக்களுக்கு. என் தம்பி கீதன் ரொறன்ரோவுக்குப் பயிற்றுநராக வருகிறார் என்று நான் போட்டது பிழை. அவர் வருவதாக ஒருபோதும் சொல்லவில்லை. வரவேண்டும் என்று ஆசைப்பட்டது நான். அவர் இன்வர்டூன் றோவர்ஸின் மனேஜர். சந்திரவதனா விநாயகமூர்த்தி, ஸ்கூல் பஸ் டிறைவர், வெக்ஸ்போர்ட்."

இதையே தனுஷிகாவைக் கொண்டு இங்கிலீசில் எழுதுவித்துப் புதன்கிழமையே உன் றொனால்டுக்கும் அனுப்பிவிட்டேன். அதில் ஒன்று கூட்டிச் சொல்லியிருக்கிறேன்: குறை அவர்களிடம் இல்லை, உன்னிடமும் இல்லை, எல்லாம் என்னுடைய வாயால் வந்தது, முதுகு காட்டுவதென்றால் எனக்குக் காட்டுங்கள்.

இனி மே மூன்றாம் திகதி வரை எழுதமாட்டேன். வெல்லடா.

வதனாக்கா


இன்வர்டூன்
04.05.2025

என் அக்காவுக்கு,

வென்றுவிட்டோம். நீ பார்த்திருப்பாய், ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இப்போது ஞாயிறு காலை, என் குரல் முழுக்கப் போய்விட்டது. கதைக்க முடியாது, எழுதத்தான் முடியும்.

உன் கடிதத்தை றொனால்ட் எனக்குக் காட்டவில்லை. அடுத்த மச்சுக்கு விற்கிற புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே அச்சடித்துவிட்டார். நான் மைதானத்துக்குள் வந்தபோது எல்லோரும் அதை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார்கள். எனக்கு விசயம் விளங்க நேரம் எடுத்தது. முதலில் ஒரு கிழவர் எழும்பினார். பிறகு அந்தப் பக்கம் முழுக்க எழும்பியது. இந்த முறை முகம் என் பக்கம். என் பெயரைப் பாடி முடித்துவிட்டு, "பஸ் டிறைவர்! பஸ் டிறைவர்!" என்று உன்னையும் பாடினார்கள் அக்கா. பாண் கடைக்காரி என்னைக் கட்டிப்பிடித்து, "உன்ரை அக்கா மாதிரி எனக்கும் ஒருத்தி இருக்கிறாள், கடவுள்தான் காப்பாத்தவேணும்" என்றாள்.

அந்த மச் சமநிலை. அடுத்ததை வென்றோம். நேற்றுக் கடைசி மச், வென்றால்தான் தப்புவோம். ஒன்றுக்கு ஒன்று, முடியப் போகிற நேரம். கலம் தலையால் அடித்தான். பந்து தூணில் பட்டு உள்ளே போனது. நான் ஸ்ட்றைக்கராக எத்தனையோ கோல் அடித்திருக்கிறேன், ஒன்றுக்கும் அப்படி ஓடியதில்லை. முறிந்த கால் என்பதே மறந்து போச்சு.

இனிச் சொல்லப் போவதை ஆறுதலாக வாசி. றொனால்ட் மூன்று வருட ஒப்பந்தம் தந்திருக்கிறார். நான் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. தனுஷிகா எல்லாம் சொன்னாள். உன் மறுப்பைப் பார்த்துக் கோயிலில் சனம் சிரித்ததாம், "தம்பி வரமாட்டானாமே" என்று முகத்துக்கு நேரே கேட்டார்களாம், நீ தேர் முடியும் வரை நின்று கும்பிட்டுவிட்டுத்தான் வந்தாயாம். அந்த ஊரில் நீ முப்பது வருடமாகக் கட்டிய பெயரை எனக்காக ஒரே பக்கத்தில் போட்டு உடைத்துவிட்டாய். நான் உனக்கு எழுதாதே என்று எழுதினேன். அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது.

கிளப் தப்பிவிட்டது, இனி நான் போனாலும் யாரும் துரோகம் என்று சொல்லமாட்டார்கள். உன் ஆசை எனக்குத் தெரியும். நீயே சொல்லு. "வா" என்று ஒரு சொல் எழுது, வாறன். பேனாட்டோடு நானே கதைக்கிறேன். முழு மனதோடுதான் கேட்கிறேன்.

உன் சொல்லுக்குக் காத்திருக்கும்
தம்பி


வெக்ஸ்போர்ட்
11.05.2025

என் தங்கத் தம்பிக்கு,

ஒரு கிழமை உன்னைக் காக்க வைத்துவிட்டேன். அந்த ஒரு சொல்லை நான் எழுதி எழுதிப் பார்த்தேன். இரண்டு தரம் படமும் எடுத்துவிட்டேன், அனுப்பவில்லை.

மச் பார்த்திருப்பாய் என்று எழுதினாயே. காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டில் ஒரு திருவிழா. தனுஷிகா பெரிய ரீவியில் எடுத்துத் தந்தாள். அத்தான் சாமியறைக்கும் ரீவிக்கும் இடையில் நடந்துகொண்டே இருந்தார். நம்பமாட்டாய், பேனாட்டும் வந்தார், கேக் பெட்டியோடு. கோபத்தில் கதைக்காமல் இருந்த மனுசன், கலம் அடித்த கோலுக்குக் கதிரையில் ஏறி நின்று கத்தினார். "பாருங்கோ அக்கா, பாருங்கோ!" என்று என் கையைப் பிடித்து உலுக்குகிறார். நான் எங்கே பார்க்கிறது? கண் முழுக்கத் தண்ணீர்.

பிறகு கமெரா சனத்தின் பக்கம் திரும்பியது. நான் அதுவரைக்கும் உன் மச்சில் சனத்தைப் பார்த்ததே இல்லை, உன்னைத்தான் பார்ப்பேன். ஒரு கிழவர் கைத்தடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுகிறார். வேலை உடுப்பைக்கூட மாற்றாமல் வந்த பெண்கள், பிள்ளையைத் தோளில் வைத்த தகப்பன்மார், எல்லோருடைய வாயிலும் உன் பெயர். அம்மா உனக்கு வைத்த பெயர். அதை அந்தச் சனம் தங்கள் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போலக் கூப்பிடுகிறது. நீ அவர்களிடம் ஓடிப் போனாய், அவர்கள் உன்னை மூடிக்கொண்டார்கள். கமெராவுக்கே நீ தெரியவில்லை.

அப்போதுதானடா எனக்கு விளங்கியது. இவ்வளவு காலமும் நீ அங்கே தனிச்சுப் போய்க் கிடக்கிறாய் என்று நினைத்து அழுதிருக்கிறேன். உனக்கு ஒரு ஊரே இருக்கிறது. தனியே இருந்தது நீயில்லை, உன்னை விட்டு இங்கே இருந்த நான்தான். என் தனிமைக்கு உன்னைப் பிடுங்கி எடுக்கப் பார்த்தேன். பேனாட்டும் போகும்போது வாசலில் நின்று, "அக்கா, உவரை அங்கையிருந்து கிளப்பினால் எங்களுக்குப் பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையெழுத்தைப் போடு. அக்கா சொல்கிறேன், போடு. எனக்கு அழுகை வருகிறதுதான், வரட்டும். இப்படி ஒரு பெருமையை அழாமல் யாரால் தாங்க முடியும்? நான் வளர்த்த பிள்ளையை ஒரு ஊர் தன் பிள்ளை என்கிறது.

நீ மனம் மாறி வந்துவிடுவாயோ என்று பேஸ்மென்றை வாடகைக்கும் விட்டாயிற்று. தமிழ்நாட்டில் இருந்து படிக்க வந்த தீப்தி என்ற பிள்ளை. உன் கட்டிலில் அவள்தான் படுக்கிறாள். நல்ல பிள்ளை, ரசம் வைக்கச் சொல்லித் தருகிறாள், எனக்கே!

நானும் அத்தானும் ஓகஸ்ட் மாதம் வாறோம். பள்ளிக்கூடம் விடுமுறை, பஸ் ஓடாது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பிளேன் ஏறவில்லை, பயம்தான், ஆனாலும் ரிக்கற் போட்டாயிற்று. சீசனின் முதல் மச்சுக்கு எங்களுக்கு இரண்டு சீற் எடுத்து வை. மனேஜரின் அக்கா என்று என்னை மேலே, கண்ணாடிக்குப் பின்னால் பெரிய மனிதரோடு இருத்தாதே. அந்தச் சனத்துக்கு நடுவில் இருத்து. உன் பெயரை நானும் அவர்களோடு சேர்ந்து கத்தவேண்டும்.

இப்படிக்கு,
இன்வர்டூன்காரனின் அக்கா
சந்திரவதனா